நைட் டூட்டி வாரம்: இரண்டு பிள்ளைகளோடு அப்பா மட்டும்

என் மனைவி நர்ஸ். நைட் டூட்டி விழுகிற வாரங்களில் சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலைதான் வருவாள். அதுவரை நானும் பிள்ளைகளும் மட்டும். மூத்தவள் எல்.கே.ஜி., சின்னவனுக்கு ஒன்றரை வயசு. திருச்சியில் வாடகை வீடு, கூப்பிட்டதும் ஓடிவரப் பாட்டி தாத்தா பக்கத்தில் இல்லை. இதே நிலையில் இருக்கிற அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் உதவும் என்றுதான் எங்கள் வீட்டு வழக்கத்தை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டுப்பாடு: தனியாக ஆனபிறகு அடுப்பு பற்றவைப்பதில்லை. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, எதிரே கொதிக்கிற ரசம் என்ற நிலைமையே வரக்கூடாது. நான் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் கிளம்புவதற்குள் சமையலை முடித்து, அவளுக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிடுவேன். பருப்பு, குழைந்த சாதம், மிளகு குறைத்த ரசம், கேரட்டோ உருளைக்கிழங்கோ ஒரு பொரியல், இவ்வளவு போதும். தோசை வேண்டாம். ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட ஆள் நிற்கணும். பாலையும் அப்போதே காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிவிட்டு, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுவேன். கொசு வரும் முன் ஜன்னல்களையும் சாத்திவிடணும்.

அடுத்தது அம்மா கிளம்புவது. "குழந்தை பார்க்காத நேரமா நைசா போயிடும்மா, அழ மாட்டான்" என்று அக்கம்பக்கத்தில் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. சொல்லாமல் அம்மா காணாமல் போனால், அடுத்த நாள் அவள் குளிக்கப் போனாலும் பிள்ளை கதவைத் தட்டி அழும். வாசலில் நின்று முத்தம் கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டே போவாள். சின்னவன் ஐந்து நிமிஷம் அழுவான். அழட்டும், தூக்கிக்கொண்டு மாடிப்படி வரைக்கும் ஒரு நடை. மூத்தவள் "அம்மா எப்பப்பா வருவா?" என்று கேட்டால், "இதோ வந்துடுவா" என்று சொல்லவே கூடாது. "காலையில நீ பல்லு தேய்க்கும்போது வந்துடுவா பாப்பா" என்பேன். அவளுக்கு மணி தெரியாது, பல் தேய்ப்பது தெரியும்.

குளியல் இரண்டு பேருக்கும் ஒன்றாக. ஒருத்தரைக் குளிப்பாட்டும்போது இன்னொருத்தர் வீட்டில் என்ன செய்கிறார் என்ற கவலை இருக்காது. உள்ளே போகும் முன்பே துண்டு, மாற்றுத்துணி, டயப்பர் மூன்றும் கைக்கெட்டும் கொடியில் இருக்கணும். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். விளாவியபின் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். மூத்தவளுக்கு மனைப்பலகை, சின்னவனுக்கு என் கால் மேல் இடம். தம்பி முதுகில் சோப்புப் போடுவது அக்காவின் வேலை. அந்தப் பதவியை அவள் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். போன் அடித்தாலும் காலிங் பெல் அடித்தாலும் பிள்ளைகளை விட்டு எழுந்து போகக் கூடாது. பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே இந்த வயசுக் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.

சாப்பாடு தரையில் பாய் விரித்து, மூன்று பேரும் ஒன்றாக. சின்னவன் பாதியைச் சிந்துவான், பாயைத் துடைத்துக்கொள்ளலாம். டிவி, போன் இரண்டும் அணைந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு, இரண்டு முதல் நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது. மூத்தவளுக்கு அதை மத்தியானமே கொடுத்து முடித்துவிடுவோம். நொறுக்குத்தீனியில் நிலக்கடலை, மிக்சர், முழு திராட்சை இவையெல்லாம் சின்னவன் இருக்கும் இடத்துக்கே வராது. தொண்டையில் அடைத்தால் தனி ஆளாக என்ன பாடுபடுவது? ரிமோட்டில் இருக்கிற பட்டன் பேட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மூடி ஆடினால் டேப் ஒட்டிவையுங்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் அடிபட்டவரை முதலில் பாருங்கள். அடி இல்லையென்றால் சின்னவன் தோளில், மூத்தவள் மடியில் என்று தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டு இருவரையும் சமாதானப்படுத்த முடியாது. "நீ பெரியவ, விட்டுக்கொடு" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. அவளும் குழந்தைதான்.

எட்டு மணிக்குச் சின்னவன் தூளியில். அம்மாவின் பழைய பருத்திச் சேலைதான் தூளி. துவைத்தபிறகும் அதில் அவள் வாசம் இருக்கும்போல, முகத்தை அதிலேயே தேய்த்துக்கொள்வான். கண் சொருகியதும் ஆட்டுவதை நிறுத்தினால் விழித்துவிடுவான். வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் துணிக்கு மேலே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு நீளமாகிற வரை எடுக்காதீர்கள். பிறகு பாயில் கிடத்திவிடணும். எழுந்து நிற்கிற பிள்ளையைத் தூளியிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இவ்வளவு நேரமும் மூத்தவள் பக்கத்தில் குசுகுசுவென்று பொம்மைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். காத்திருந்ததற்கு அவளுக்கு உரியதைக் கொடுத்தாகணும். தம்பி தூங்கியபின் அரை மணி நேரம் அப்பா முழுக்க அவளுக்கு. என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்வாள். பெரும்பாலும் கடை விளையாட்டு. நான் தக்காளி வாங்கணும், அவள் மிச்சச் சில்லறை தரணும். பள்ளிக்கூடத்தில் யார் தள்ளிவிட்டார்கள், மிஸ் ஏன் திட்டினார்கள் என்பதெல்லாம் தக்காளி நிறுக்கும்போதுதான் வெளியே வரும். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில். இந்த அரை மணியை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். வெட்டினால் மறுநாள் தம்பிக்குக் கிள்ளு விழும்.

காய்ச்சலுக்கான தயாரிப்பு பகலிலேயே முடிந்திருக்கணும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவில் வருகிறது. வீட்டில் இருக்கிற பாட்டில் எது, பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். கீழே 108, அதற்குக் கீழே ராத்திரி எழுப்பினாலும் கோபப்படாத ஒரு பக்கத்து வீட்டு அக்காவின் நம்பர்.

இரண்டும் தூங்கியபின் பாத்திரம் தேய்க்க உட்காராதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டால் போதும். யூனிபார்மை எடுத்துவைத்து, வாசல் கதவைப் பூட்டி, தலைமாட்டில் டார்ச், தண்ணீர் டம்ளர், ஒரு டயப்பர் மூன்றையும் வைத்துக்கொண்டு நீங்களும் படுத்துவிடுங்கள். ராத்திரி ரெண்டு மணி வாக்கில் சின்னவன் எப்படியும் ஒருமுறை எழுப்புவான்.