பகான் புதர்க்காட்டில் விடியற்காலைப் பறவைகளைக் கவனிப்பது எப்படி

யாங்கோனிலிருந்து பர்மாவின் பழைய கோயில் நகரமான பகானுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அக்கோயில்களுக்கு இடையே, நிலக்கடலைக் கொல்லைகளின் ஓரமாக வேலமும் இலந்தையும் கள்ளியும் மண்டிக் கிடக்கும் புதர்க்காட்டில், பர்மாவைத் தவிர வேறெந்த நாட்டிலும் காணக் கிடைக்காத வெண்தொண்டைத் தவிட்டுக்குருவியும் பர்மியப் புதர்வானம்பாடியும் வாழ்கின்றன. அவற்றின் பெயரை ஒரே காலையில் தெரிந்துகொள்ளலாம். அவை எப்படி வாழ்கின்றன என்று அறிய வேண்டுமானால் ஓரிடத்தில் அசையாமல் உட்கார வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமே ஏற்றது. சனவரியில் அங்கே சூரியன் 6.30 மணிக்குப் பிறகே எழுவதால், 5.45 மணிக்குள் இடத்தில் இருங்கள். இடத்தை முந்தைய நாள் மாலையிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்: கிழக்கு முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் ஒரு புதர் இருக்க வேண்டும், எதிரே முப்பது நாற்பது அடி திறந்த மண்தரை இருக்க வேண்டும். அந்த வறள்நிலத்தில் கண்ணாடி விரியன் உண்டு. ஆகவே கணுக்காலை மூடும் காலணி அணிந்து, டார்ச் அடித்துத் தரையை நன்றாகப் பார்த்த பிறகே உட்காருங்கள். இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது) போதும். அரையிருட்டில் அது 10×42ஐ விட வெளிச்சமாகக் காட்டும், கையும் அவ்வளவு நடுங்காது.

முதல் அரைமணி நேரம் காதுக்கு உரியது. இருட்டில் பக்கி என்னும் இராப்பறவை கூவிக்கொண்டிருக்கும். வெளுக்கத் தொடங்கியதும் அது அடங்க, புறாக்களின் குரல் எழும். எந்தக் குரல் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பதை மணியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் வந்ததும் ஒரே ஒரு பறவையை, அல்லது ஒரே ஒரு கூட்டத்தைத் தேர்ந்துகொண்டு அதையே தொடருங்கள். தொடங்குபவர்களுக்குத் தவிட்டுக்குருவியை விடச் சிறந்த ஆசான் இல்லை என்பது என் கருத்து. நம் ஊர்த் தவிட்டுக்குருவிகளைப் போலவே இவையும் கூட்டமாகத் திரியும். ஒன்று புதரை விட்டுப் போனால் மற்றவை ஒவ்வொன்றாய்ப் பின்தொடரும். ஒருநாள் காலையில் இலந்தைக் கிளை ஒன்றில் இரண்டு குருவிகள் உடலோடு உடல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்று தலையைத் தாழ்த்திப் பிடரியைக் காட்ட, மற்றது அலகு நுனியால் இறகுகளைக் கோதிவிட்டது. சிறிது நேரத்தில் முறை மாறியது. மூன்றாவது ஒன்று மட்டும் புதரின் உச்சியில் தனியே இருந்தது. வல்லூறு ஒன்று தாழப் பறந்து வந்தபோது அது குரல் கொடுத்தது. மறுநொடி கிளையில் ஒரு குருவியும் இல்லை.

இதை எழுதும்போது ‘காவல் காத்தது’ என்று எழுதாமல், ‘உச்சியில் இருந்தது, குரல் கொடுத்தது, மற்றவை புதருக்குள் இறங்கின’ என்றே எழுதுங்கள். காவல்தானா என்பதைப் பல காலைகளின் குறிப்புகளை ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யலாம். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, ஒன்றும் நடக்காவிட்டாலும், ஒரு வரியாவது எழுதுங்கள்.

பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். அப்போது நீங்கள் காண்பது எதிரியைத் தேடி அலையும் பறவையைத்தான்; அதன் தீனிநேரமும் வீணாகும். பறவை உங்களைப் பார்த்துத் தொடர்ந்து கத்தினால் இன்னும் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

வெயில் ஏறியதும் நடமாட்டம் குறையும். கூட்டம் அடுத்த புதருக்குப் போகும்வரை காத்திருந்து, பிறகு மெல்ல எழுந்து, வந்த வழியே திரும்புங்கள்.