கறுக்க மறுத்த மாக்னடைட்: என் அனுபவம்
முதுநிலை வேதியியல் படித்தபோது, இணைவீழ்படிவு முறையில் (கரைசலில் உள்ள இரு உப்புகளைக் காரம் சேர்த்து ஒன்றாகப் படியவைக்கும் முறை) மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடைத் தயாரிக்க முயன்ற இரண்டு முறையும், கரிய பொடிக்குப் பதிலாகக் காந்தத்தைச் சட்டை செய்யாத செம்பழுப்புச் சேறே எனக்குக் கிடைத்தது. ஃபெரிக் (Fe³⁺), ஃபெரஸ் (Fe²⁺) என்னும் இருவகை இரும்பு உப்புகளை 2:1 என்ற மோல் விகிதத்தில் சரியாக நிறுத்திருந்ததால், முதலில் காரமாகச் சேர்த்த அம்மோனியாவையே சந்தேகித்தேன். அது வீண் பழி.

குறை ஃபெரஸ் சல்ஃபேட்டில் இருந்தது. வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய படிகங்களின் மேல் பழுப்புப் படலம் ஏறியிருந்தது. அதாவது, அதன் ஒரு பகுதி காற்றால் ஏற்கெனவே ஃபெரிக்காக ஆக்சிசனேற்றம் அடைந்திருந்தது. மாக்னடைட்டின் ‘தலைகீழ் ஸ்பினல்’ என்னும் படிக அமைப்பில் ஃபெரிக் அயனிகளில் பாதி நான்முகி இடங்களிலும் (நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்தவை), மறுபாதி ஃபெரஸ் அயனிகளுடன் எண்முகி இடங்களிலும் (ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்தவை) அமர்கின்றன என்பதால், ஃபெரஸ் குறைந்த கரைசலில் அந்த அமைப்பு முழுமையாக உருவாக வழியில்லை.

மூன்றாம் முறை, ஆக்சிஜன் அண்டாதிருக்க, புதிய படிகங்களை கொதிக்கவைத்து ஆறவிட்ட வாலைவடிநீரில் கரைத்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தியபடியே 80 டிகிரி செல்சியஸில் அம்மோனியாவைச் சேர்த்தேன். கரைசல் உடனே கறுத்தது. பீக்கருக்கு அடியில் காந்தத்தை வைத்து நீரை வடித்துக் கழுவியதால் வடிதாள்கூடத் தேவைப்படவில்லை. காற்றில் சூடாக்கினால் மாக்கமைட் என்னும் வேறோர் இரும்பு ஆக்சைடாக மாறிப் பழுப்பேறும் என்பதால், வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்தினேன்.