எம்.டி.டி.ஆர்: பழுது நேரத்தை வைத்து மெஷினை எடைபோடுவது எப்படி?

நின்ற மெஷினை மறுபடி ஓட வைக்கச் சராசரியாக ஆகும் நேரம்தான் எம்.டி.டி.ஆர். நூற்பு மில்லில் இரவு பகலாக ஓடும் ஒரு ஸ்குரூ கம்ப்ரசரை (காற்றை அழுத்தித் தரும் மெஷின்) வைத்துப் பார்ப்போம்.

1. நேரத்தை எழுதுங்கள். பிரேக்டவுன் நோட்டில் "ஃபேன் மோட்டார் மாற்றியது, 8 மணி நேரம்" என்று ஒரே வரி இருந்தால் பயனில்லை. மெஷின் நின்றது, ஃபிட்டர் வந்தது, கோளாறு தெரிந்தது, ஸ்பேர் வந்தது, மறுபடி ஓடியது என ஐந்து நேரமும் வேண்டும். திட்டமிட்ட சர்வீஸ் இதில் சேராது.

2. கணக்கு. 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். கம்ப்ரசர் நான்கு முறை நின்றது: 1, 1, 2, 8 மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12, நான்கால் வகுத்தால் எம்.டி.டி.ஆர் 3 மணி. ஓடிய 708 மணியை நான்கால் வகுத்தால் 177. இதுதான் எம்.டி.பி.எஃப், அதாவது ஒரு பழுதுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடிய சராசரி நேரம். அவைலபிலிட்டி, அதாவது மொத்த நேரத்தில் மெஷின் ஓடிய பங்கு, 708/720, சுமார் 98.3 சதவீதம்.

3. பெரிய எண்ணைப் பிரியுங்கள். அந்த 8 மணியில் ஃபிட்டர் வர 40 நிமிடம், கோளாறு பிடிபட 30 நிமிடம், மோட்டார் வந்து சேர ஐந்தரை மணி, மாற்றி ஓட்டிப் பார்க்க 1 மணி 20 நிமிடம். மாதாந்திர மீட்டிங்கில் திட்டு என்னவோ ஃபிட்டருக்குத்தான் விழும்! ஸ்டோரில் ஒரு மோட்டார் இருந்திருந்தால் இரண்டரை மணியில் வேலை முடிந்து, எம்.டி.டி.ஆர் 1.6 மணிக்கு இறங்கியிருக்கும்.

4. எம்.டி.டி.ஆர், எம்.டி.பி.எஃப் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரி, அடுத்த மாதம் அதே கம்ப்ரசர் 24 முறை, அரை அரை மணி நேரம் நிற்கிறது. மொத்தம் அதே 12 மணி, அவைலபிலிட்டியும் அதேதான். எம்.டி.டி.ஆர் மட்டும் அரை மணி. ரிப்போர்ட்டில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எம்.டி.பி.எஃப் 29.5 மணிக்கு விழுந்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஆயில் கூலரின் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருக்கும். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி டிரிப் ஆகிறது, அதாவது தானாகவே நின்றுவிடுகிறது. ஆறவிட்டு ரீசெட் செய்கிறார்கள், அப்புறம் மறுபடி டிரிப். இதைப் பழுது பார்த்ததாக நான் கணக்கில் எடுக்கமாட்டேன். "ரீசெட்" என்று முடியும் வரிகளைத் தனியாக எண்ணுங்கள். கூலரைச் சுத்தம் செய்வதை வாராந்திர வேலைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

5. அவசரப்படாதீர்கள். நாலு பழுதை வைத்து மெஷினுக்கு மார்க் போட முடியாது. ஆறு மாதக் கணக்காவது வேண்டும். கம்ப்ரசரின் எண்ணை நூல் நூற்கும் ரிங் ஃபிரேமின் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். அதே மெஷினின் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.