இரவு இரண்டு மணிக்கு உங்கள் லாயம்: தீ அபாயத்தையும் விபத்து அபாயத்தையும் கணக்கெடுப்பது எப்படி?

பகல் பதினொரு மணிக்கு எந்த லாயமும் பாதுகாப்பாகத்தான் தெரியும். கூட்டிப் பெருக்கியிருப்பார்கள், பாதிக் குதிரைகள் வெளியே நிற்கும், நான்கைந்து பேர் நடமாடுவார்கள். அபாயத்தைக் கணக்கெடுக்கும்போது வேறொரு நேரத்தை மனத்தில் வையுங்கள்: இரவு இரண்டு மணி, மின்சாரம் இல்லை, தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு குதிரைக்காரர். ஐந்து முதல் பத்துக் குதிரைகள் உள்ள, தகரமோ கீற்றோ வேய்ந்த சிறிய லாயங்களை வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு டார்ச், நேரம் பார்க்க ஒரு கைப்பேசி போதும்.

படி 1: படம் வரையுங்கள்

லாயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒரே தாளில் படமாக வரையுங்கள். குதிரை அறைகள், கதவுகள், மெயின் சுவிட்ச், தண்ணீர்க் குழாய், வைக்கோல், சாணக் குவியல், வெளிக்கேட் எல்லாம் வரட்டும். எரியும் பொருள்களுக்குச் சிவப்புப் புள்ளி, சூடு தரும் பொருள்களுக்கு நீலப் புள்ளி. இரண்டு நிறமும் நெருங்கி நிற்கும் இடங்களே உங்கள் வேலைப் பட்டியல். வைக்கோல் அட்டியின் மேலேயே தொங்கும் குண்டு பல்பைப் பலர் இந்தப் படத்தில்தான் முதன்முறையாகக் கவனிக்கிறார்கள்.

படி 2: கூரையும் வைக்கோலும்

வெயிலுக்காகத் தகரத்தின் மேல் கீற்று வேய்வது நம் வழக்கம். குதிரைக்கு அது சுகம்தான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை நாம் மறக்க முடியாது. கீற்றை எடுத்துவிட்டு, கூரையை உயர்த்திக் காற்றோட்டம் கொடுப்பதே என் பரிந்துரை. மாற்றும் வரையில் அந்தக் கூரைக்கு அடியில் எந்த நெருப்பும் கூடாது.

வைக்கோல் தானாகவே பற்றிக்கொள்ளும் என்றால் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்கள் நம்புவதில்லை. ஈரத்தோடு வைக்கோல் போர் போட்டால் உள்ளே வெந்துபோகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். கட்டிய புல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடேறத் தொடங்கும். அறுவடைக்குப் பிந்தைய முதல் ஆறு வாரங்களில் ஆபத்து அதிகம். நீண்ட இரும்புக் கம்பியை அட்டியின் நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் கவலைப்பட வேண்டும். வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது: 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தினமும் இருமுறை பாருங்கள். 80 டிகிரியை நெருங்கினால் கட்டுகளை இழுக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றும். தீயணைப்பு நிலையத்தை அழைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வைக்கோலைத் தனிக் கொட்டகையில் வைத்து, அன்றைய தேவையை மட்டும் லாயத்துக்குக் கொண்டுவந்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தீரும்.

படி 3: மின்சாரம்

தீ விபத்துச் செய்திகளில் ‘மின்கசிவே காரணம்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், ஏதோ வானத்திலிருந்து கசிந்ததைப்போல. எங்கள் லாயத்தில் கோடைக்கு மூன்று மின்விசிறிகளை ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டியிருந்தோம். ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கியபோது அதன் ஒரு மூலை உருகிப் பழுப்பேறியிருந்தது. யார் செய்த வேலை? நாங்கள்தான்.

தரையில் ஓடும் வயர், எலி கடித்த இடம், ஒட்டுத் துணி சுற்றிய இணைப்பு, ஒட்டடையும் தூசியும் படிந்த பல்பு, குதிரையின் வாய்க்கு எட்டும் சுவிட்ச் ஆகியவற்றைத் தேடுங்கள். வயர்கள் குழாய்க்குள் போக வேண்டும், பல்புகளுக்குக் கம்பிக் கூண்டு வேண்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் குதிரைக்கு மின்சாரம் நமக்கு இருப்பதைவிடக் கொடியது.

படி 4: மனிதர்கள் கொண்டுவரும் நெருப்பு

பீடியைத் தடை செய்தால் மட்டும் போதாது. ஒளித்துப் பிடிப்பவர் வைக்கோலுக்குப் பின்னால்தான் உட்காருவார். தள்ளி ஓர் இடம் ஒதுக்கி, மணல் நிரப்பிய வாளி வைத்துவிடுங்கள். அடுத்தது கொசுவுக்குப் போடும் மூட்டம். நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகைப்பது நல்ல பழக்கம் என்று நினைத்து, அணைக்காமல் தூங்கிவிடுகிறார்கள். புகை குதிரையின் நுரையீரலுக்கும் ஆகாது. கொசுவலையும் மின்விசிறியும் மேல். கார்த்திகை விளக்கையும் ஆயுத பூஜைச் சூடத்தையும் வாசலுக்கு வெளியே, திறந்த வெளியில் ஏற்றலாம்.

படி 5: வெளியேற்றும் ஒத்திகை

இதை மட்டும் தாளில் செய்ய முடியாது. விளக்குகளை அணைத்துவிட்டு, இரவுக் காவலில் இருப்பவர் ஒருவரை மட்டும் ஒரு குதிரையை வெளியே கொண்டுவரச் சொல்லி நேரம் பாருங்கள். ஹால்டர் (குதிரையைப் பிடித்து நடத்தத் தலையில் மாட்டும் வார்) எங்கே தொங்குகிறது? தாழ்ப்பாளை ஒரே கையால் திறக்க முடிகிறதா? கதவு உள்பக்கமாகத் திறந்தால் குதிரை அதை அடைத்துக்கொண்டு நிற்கும். நடைபாதையில் தள்ளுவண்டி கிடக்கிறதா? வெளிக்கேட் பூட்டின் சாவி முதலாளி வீட்டிலா இருக்கிறது? வந்த விடையை உங்கள் குதிரைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். உலர்ந்த படுக்கையில் பற்றிய தீ ஓரிரு நிமிடங்களில் அறை முழுவதும் பரவிவிடும்.

ஒவ்வொரு கதவிலும் தோல் அல்லது பருத்தி ஹால்டரும் கயிறும் தொங்கட்டும். நைலான் உருகித் தோலில் ஒட்டும். பயந்த குதிரைக்குத் தன் அறைதான் பாதுகாப்பான இடம். வெளியே விட்டாலும் திரும்பி ஓடிவந்து தீக்குள் நுழையும். ஆகவே சற்றுத் தொலைவில் வேலியிட்ட இடம் வேண்டும், அதன் கேட்டை மூட வேண்டும். கண்ணைத் துணியால் மூடி நடத்துவதை அமைதியான நாள்களிலேயே பழக்குங்கள். வாசலுக்கு அருகில் இருப்பது முதலில், செல்லக் குதிரை முதலில் இல்லை. கூரை பற்றிவிட்டால் யாரும் உள்ளே போகக் கூடாது என்பதையும் காவலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் குதிரைக்காக உயிரைக் கொடுக்கத் துணியக்கூடும்.

படி 6: தீ இல்லாத ஆபத்துகள்

துருத்தி நிற்கும் ஆணி (குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும்), வழுக்கும் சிமென்ட் தரை, கால் மாட்டும் அளவு இடைவெளி கொண்ட வேலி, மூடாத கிணறு, மூடியில்லாத கொள்ளுப் பெட்டி. குழந்தைகள் குதிரைக்குப் பின்னால் போகும் வழி எது என்றும் பாருங்கள். இவற்றைப் பகலில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

படி 7: மதிப்பெண் போடுங்கள்

ஒவ்வோர் ஆபத்துக்கும் நடக்கும் வாய்ப்பு 1 முதல் 3, நடந்தால் விளையும் சேதம் 1 முதல் 3 என்று கொடுத்துப் பெருக்குங்கள். 6க்கு மேல் வந்தால் இந்த வாரமே சரிசெய்ய வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு: பூட்டிய வெளிக்கேட் போன்றவை வாய்ப்பு 1, சேதம் 3 என்று அடங்கிக் கிடக்கும். உயிர் போகும் எதையும் பெருக்கல் பார்க்காமல் மேலே ஏற்றுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் யார், எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று எழுதுங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது தேதி ஆகாது.

படி 8: உதவி வரும் வழி

தீயணைப்புக்கு 101, பொது அவசர உதவிக்கு 112, கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. எண்களோடு லாயத்துக்கு வரும் வழியையும் அடையாளத்தையும் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். தீயணைப்பு வண்டி கேட்டுக்குள் நுழையுமா என்று நிலையத்தாரையே வந்து பார்க்கச் சொல்லலாம். ஏபிசி பவுடர் (பலவகைத் தீக்கும் உதவும் பொடி) தீயணைப்பான்களை வாசல் பக்கம் மாட்டி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். புகையில் மாட்டிய குதிரை நன்றாக நின்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு இதை முழுதாக மறுபடி செய்யுங்கள். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வெடிக்கும் நேரம் குறித்திருந்தாலும் ராக்கெட்டுக்குக் கடிகாரம் தெரியாது. அன்றிரவு காவலுக்கு இரண்டு பேர் இருக்கட்டும், கூரையை நனைக்கக் குழாய் தயாராக இருக்கட்டும்.