படகு ஷாஃப்ட் உடையாதபடி கீவே வெட்டுவது எப்படி?

ஓசூர் பட்டறைகளில் மில்லிங் பழகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கம் கடல் கிடையாது, ஒகேனக்கல் போனாலும் பரிசல்தான். ஆனால் விசைப்படகின் புரொப்பல்லரைச் சுற்றும் ஷாஃப்ட் ஒன்று வேலைக்கு வந்தால், மோட்டார் ஷாஃப்டுக்கு வெட்டுகிற மாதிரியே கீவே (ஷாஃப்டையும் ஹப்பையும் பிணைக்கும் கீ என்ற கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டி அனுப்பக் கூடாது.

உடைந்த ஷாஃப்ட் கிடைத்தால் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் கீவேயின் அடி மூலையில் ஒரு புள்ளியில் விரிசல் தொடங்கி, அரைவட்டக் கோடுகளாகப் பரவியிருக்கும். கடைசியாக அறுந்த இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். ஒரே அடியில் போனதல்ல, சுற்றிச் சுற்றிச் சோர்ந்து போனது. அதனால் அகலம், ஆழத்தைவிட மூலையும் முனையும்தான் எனக்கு முக்கியம்.

40 மி.மீ. விட்டமுள்ள எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாஃப்ட், 12 மி.மீ. அகலம் 8 மி.மீ. உயரம் உள்ள கீ, புரொப்பல்லர் உட்காரும் முனையில் 1:10 டேப்பர் (10 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. சிறுக்கும் கூம்பு) என்று வைத்துக்கொள்வோம். கீவே ஆழம் 5 மி.மீ.

முதலில் ஷாஃப்டை வி-பிளாக்கில் கட்டுங்கள். கீவேயின் அடி, டேப்பரின் மேல்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். 1:10 டேப்பரில் ஒரு பக்கச் சரிவு 100 மி.மீ.க்கு 5 மி.மீ. அந்த அளவுக்கு சிறுத்த முனைப் பக்கத்தைத் தூக்கி, டயலை டேப்பர் மேல் ஓட்டி முள் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

அடுத்து சென்டர். 12 மி.மீ. அகலமுள்ள சைடு அண்ட் ஃபேஸ் கட்டரை (சுற்றிலும் பல் உள்ள சக்கரக் கட்டர்) ஷாஃப்டின் டேப்பர் இல்லாத நேர்ப் பகுதியின் பக்கவாட்டில் காகிதம் வைத்துத் தொட்டு, கட்டரை மேலே எடுத்து, ஷாஃப்டின் பாதி 20, கட்டரின் பாதி 6, ஆக 26 மி.மீ. நகர்த்துங்கள். காகிதத்தின் தடிமனையும் சேர்க்க மறக்காதீர்கள்.

சரி, கட்டர். பற்களின் மூலைகளை 0.5 மி.மீ. ரேடியஸாகத் தீட்டிக்கொள்ளுங்கள். கூர்மூலை பதிந்தால் விரிசலுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்தது போல. கப்பல் வகைப்பாட்டு (தரச்சான்று) விதிகளிலும் அடி ரேடியஸ் ஷாஃப்ட் விட்டத்தில் 1.25 சதவீதமாவது வேண்டும் என்ற கணக்கு உண்டு. நம் 40 மி.மீ.க்கு அது சரியாக 0.5.

80 மி.மீ. விட்டமுள்ள எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு 60 ஆர்பிஎம் போதும். கூலன்ட் நிறைய விடுங்கள். ஊட்டத்தை (ஃபீட்) நிறுத்திவிட்டுக் கட்டரைச் சும்மா உரச விட்டால் எஸ்எஸ் இறுகிவிடும், அப்புறம் பல் மழுங்கும்.

இப்போது முன்முனை, அதாவது டேப்பரின் பெருத்த பக்கம். முறுக்கு விசை அதிகம் ஏறுவது இங்கேதான். எண்ட் மில்லில் (நின்றபடி சுற்றி வெட்டும் உருளைக் கட்டர்) வெட்டினால் இங்கே செங்குத்துச் சுவர் நிற்கும். சைடு கட்டர் தன் வட்டத்திலேயே மெல்ல மேலேறி வெளியே வரும். 80 மி.மீ. கட்டரில் 5 மி.மீ. ஆழத்துக்கு அந்த ஏற்றம் ஏறத்தாழ 19 மி.மீ. நீளம். அந்த ஏற்றமும் டேப்பரின் பெருத்த விளிம்புக்குக் குறைந்தது 8 மி.மீ. முன்பே முடிந்துவிட வேண்டும், அதாவது விட்டத்தில் 20 சதவீதம். கீ தட்டையான அடியில் மட்டும் உட்காரட்டும், ஏற்றத்துக்குள் போகக் கூடாது.

மேல் விளிம்புகளில் பர் (பிசிறு) எடுத்து, நைஸ் அரத்தால் லேசாக உருட்டுங்கள். கீயின் அடி மூலைகளையும் 0.7 மி.மீ. அளவுக்குச் சரித்துவிடுங்கள், இல்லையென்றால் ரேடியஸ் மேல் ஏறி உட்காரும்.

கடைசியாகப் பொருத்திப் பார்ப்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கீ இல்லாமல் டேப்பரில் புளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) தடவி, புரொப்பல்லரை ஏற்றி, ஹப் (புரொப்பல்லரின் நடுக்குடம்) நிற்கும் இடத்தில் ஷாஃப்டில் கோடு போடுங்கள். புளூ சுற்றிலும் பிடித்திருக்க வேண்டும். பிறகு கீ போட்டு ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வந்தால் சரி. வரவில்லை என்றால் கீயின் தலை ஹப்பில் முட்டுகிறது. சுமை டேப்பரில் இறங்காமல் கீ மேலேயே விழும், ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கீவே மூலையில் அடி விழும். கீயின் மேல்முகத்தை மட்டும் அரத்தால் தேய்த்து, கோட்டைத் தொடும்வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பக்கங்களைத் தொடாதீர்கள், அங்கே கீ இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும்.