உரிமை யார் கொடுத்தது? ஒரு சனிக்கிழமை வகுப்பை நடத்தும் முறை

முதல் தடவை நான் இதைப் பட்டிமன்றமாகத்தான் நடத்தினேன். "மனிதனின் உரிமை பிறப்பால் வருவதா, அரசு தருவதா?" அணிக்கு மூன்று பேர், நடுவர் நான். ஒரு பையன் ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக்கின் கொள்கையைக் கைடிலிருந்து மனப்பாடம் செய்து வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எதிரணிப் பெண் அதைவிட வேகமாக ஒப்பித்தாள். கடைசியில் நடுவர், ஊரிலுள்ள எல்லாப் பட்டிமன்ற நடுவர்களையும் போல, "இரண்டும்தான்" என்று தீர்ப்புச் சொல்லி ஆளுக்கொரு முறுக்கு கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த நடுவர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

அதற்கப்புறம் ஏழெட்டு முறை நடத்தியதில் ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. பள்ளியிலோ நூலகத்திலோ பிள்ளைகளோடு இந்தக் கேள்வியை எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

வேண்டியவை அதிகமில்லை. கரும்பலகை, ஆளுக்கொரு வெள்ளைத் தாள், அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு இரண்டு பிரதிகள். பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பின் வரிசை தூங்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். புரொஜெக்டர் வேண்டாம், அது இருந்தால் நீங்கள்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பீரோ எரிந்த கதை

தத்துவ ஞானிகள் யாரையும் முதல் ஒரு மணி நேரத்துக்கு உள்ளே விடாதீர்கள். இப்படித் தொடங்குங்கள்: "உங்கள் வீட்டுப் பீரோ எரிந்துவிட்டது. ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் சாம்பல். எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. இனி உங்களுக்கு எது உண்டு, எது இல்லை?" ஐந்து நிமிடம் எழுதட்டும்.

ரேஷன் அரிசி போச்சு, பரீட்சை போச்சு என்று முதலில் வரும். அப்புறம் தயக்கம் வரும். "வீடு இருக்கும் சார், ஆனா என்னுதுன்னு சொல்ல முடியாது" என்றாள் ஒரு பெண். "சான்றிதழ் எரிஞ்சாலும் சாதி எரியாது சார்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி ஒன்று வந்தால் விளக்கம் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

யாராவது அடிதடிக்கு வராமல் இருக்க மாட்டார்கள். வராவிட்டால் நீங்களே கேளுங்கள்: காகிதமே இல்லாத உங்களை ஒருவன் அடித்தால்? ஒரு பையன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அடிக்கக் கூடாதுதான் சார். ஆனா போய்ச் சொன்னா, நீ யாருன்னு கேப்பாங்க."

எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "உரிமை", அதன் கீழே "அடிக்கக் கூடாது". வலப்பக்கம் "பரிகாரம்", அதன் கீழே "போய்ச் சொன்னால்". ஜோசியர் சொல்லும் பரிகாரம் அல்ல, உரிமை பறிபோனால் எங்கே போய்க் கேட்பது என்ற சட்டத்துப் பரிகாரம் என்று சொல்லிவிடுங்கள். பட்டிமன்றத்தில் நான் கோட்டைவிட்டது இந்தக் கோட்டைத்தான். ஓர் அணி இடப்பக்கத்தைப் பற்றிப் பேசியது, மற்ற அணி வலப்பக்கத்தைப் பற்றி. இரண்டும் முட்டிக்கொள்ளவே இல்லை.

1948: எங்கள் வீட்டுக் கதை

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். நாட்டின் பெயரைச் சொல்லாமல் தொடங்கினால் நல்லது. ஒரு நாட்டில் 1947இல் பொதுத் தேர்தல் நடக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், அவர்களுடைய கட்சி ஏழு இடங்களில் ஜெயிக்கிறது. அடுத்த வருடம் நாட்டுக்குச் சுதந்திரம். அதே வருடம் நாடாளுமன்றம் முறைப்படி ஒரு சட்டம் போடுகிறது: அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் குடிமகன் ஆக முடியாது. அப்பாவும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் தன் பிறப்புக்கே காகிதம் இருக்காது, கொள்ளுத்தாத்தாவின் பிறப்புக்கு எங்கே போவான்? 1949இல் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்று இன்னொரு சட்டம். வழக்கு, அப்போது அந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் அதுவும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இப்போது கேளுங்கள்: "இங்கே தப்பு நடந்திருக்கிறதா?"

எல்லோரும் ஆமாம் என்பார்கள். உடனே அடுத்ததைக் கேளுங்கள்: "எந்தச் சட்டப்படி தப்பு?"

நாடாளுமன்றம் வாக்களித்தது, உச்சத்தில் இருந்த நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. உரிமை அரசு கொடுப்பது என்றால், கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், கதை முடிந்தது. தப்பு என்று சொல்ல இடமே இல்லை. ஆனால் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் தப்பு என்று படுகிறது. அந்த அமைதியை ஒரு நிமிடம் நீடிக்க விடுங்கள். ஆசிரியர்களான நமக்கு இது கஷ்டம், வாய் சும்மா இருக்காது. நான் டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பேன்.

"பிறப்புரிமை" கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்கும்போது மீதியைச் சொல்லுங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இலங்கையில் கடைசியாக மீந்திருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். நடுவில் 55 வருடம். "பிறவியிலேயே இருந்த உரிமை, அந்த 55 வருடம் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். இப்போது "பிறப்புரிமை" கட்சி தலைகுனியும்.

நாங்கள் 1973இல் வந்தோம். எனக்கு 11 வயது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், அங்கே கொடுத்த குடும்ப அட்டையோடு நீலகிரி. அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்க கள்ளத்தோணின்னாங்க, இங்க சிலோன்காரங்கிறாங்க." அந்த அட்டையை நான் வகுப்புக்கு எடுத்துப்போவேன். பிள்ளைகள் கைக்குக் கை மாற்றி, பக்கத்தைப் புரட்டாமல், ஏதோ மருந்துச் சீட்டு போலப் பார்ப்பார்கள். உங்களிடம் இப்படி ஒன்று இல்லையென்றால் உங்கள் ஊரில் தேடிப் பாருங்கள்: பட்டா கிடைக்காத குடியிருப்பு, சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடந்த குடும்பம், எங்கும் உண்டு. ஆனால் அவர்களைக் கேட்காமல் அவர்கள் கதையை எடுக்காதீர்கள்.

1976: நீதிபதி கேட்ட கேள்வி

இரண்டாவது கதை நம் நாட்டுடையது. கொஞ்சம் வேகமாகச் சொல்லலாம். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை. இரண்டு நாள் கழித்து, அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 359இன்படி குடியரசுத் தலைவர் உத்தரவு: 14 (சமத்துவம்), 21 (உயிரும் சுதந்திரமும்), 22 (கைதானவருக்குப் பாதுகாப்பு) ஆகிய பிரிவுகளைக் காட்டி யாரும் நீதிமன்றம் போக முடியாது. உத்தரவின் வார்த்தையைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். உரிமையை ரத்து செய்யவில்லை. போய்க் கேட்பதைத்தான் நிறுத்தியது. கரும்பலகையின் வலப்பக்கத்தை மட்டும் துணியால் அழித்துக் காட்டுங்கள். பேச்சைவிட இது வேலை செய்யும்.

விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனுக்கள், உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. ஜபல்பூர் வழக்கு என்று பெயர். நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். பிரிவு 21 இல்லாமலே போனாலும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசால் முடியாது என்பது அவர் நிலை. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, பணியில் இளையவரான நீதிபதி பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. உயிரும் சுதந்திரமும் அரசமைப்புச் சட்டம் உண்டாக்கியவை அல்ல என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976இல் பெரும்பான்மையில் இருந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. பிள்ளைகளுக்கு இந்த இடம் சினிமா மாதிரி இருக்கும், ரசித்துக்கொள்ளட்டும்.

இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தபோது ஒரு வருடம் பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "உரிமை அரசு கொடுக்கலைன்னு சொன்னது யாரு சார்? கோர்ட்டுதானே. கோர்ட்டும் அரசுதானே?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். உங்களுக்கும் இப்படி நேரும். தெரிந்த மாதிரிச் சமாளிக்காதீர்கள், பதினாறு வயதுக்காரர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

புத்தகத்தில் தேடுதல்

களைப்பு தட்டும் நேரம் இது. இரண்டு குழுவாகப் பிரித்து, அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் உள்ள மூன்றாம் பாகத்தைக் கொடுத்து, எந்தப் பிரிவில் "குடிமக்கள்" என்று இருக்கிறது, எதில் "எவரும்", "எந்த நபரும்" என்கிற மாதிரி இருக்கிறது என்று கோடிடச் சொல்லுங்கள். 15, 16, 19 குடிமக்களுக்கு. 14, 20, 21, 22, 25 யாருக்கும். பேச்சுரிமைக்குக் காகிதம் வேண்டும், உயிருக்கு வேண்டாம் என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். பீரோ எரிந்த தாளைத் திரும்ப எடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு பிரிவுகளை நீங்களே காட்ட வேண்டும். ஒன்று, சொத்து. உயிர், சுதந்திரம், சொத்து மூன்றுமே இயற்கை உரிமை என்றார் லாக். இங்கே 1978இல் வந்த 44ஆவது திருத்தம் சொத்தை அடிப்படை உரிமையிலிருந்து இறக்கி 300அ என்ற சாதாரணச் சட்ட உரிமையாக வைத்தது. அதே திருத்தம்தான் நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சேர்த்தது. இன்னொன்று, கல்வி. 2002இல்தான் 21அ ஆக நுழைந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குப் படிக்கும் உரிமை இல்லையா? இருந்ததென்றால், ஆசிரியரே இல்லாத ஊரில் அது எங்கே இருந்தது? சும்மா விட்டாலே போதும் என்கிற உரிமை ஒரு ரகம், யாராவது சம்பளம் வாங்கி வந்து செய்தால்தான் உண்டு என்கிற உரிமை வேறு ரகம். நான் 33 வருடம் அந்தச் சம்பளம் வாங்கியவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன்.

இப்போது ஞானிகளைக் கூப்பிடலாம், பத்து நிமிடம் போதும். லாக் ஏற்கெனவே வந்துவிட்டார். இயற்கை உரிமை என்ற பேச்சே உளறல் என்று எழுதிய ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தமைச் சொல்லுங்கள். பிரிவு 32ஐ அரசமைப்புச் சட்டத்தின் ஆன்மா என்றும் இதயம் என்றும் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்ன அம்பேத்கரைச் சொல்லுங்கள். 32 என்ன தருகிறது என்று படிக்கச் சொன்னால், நேரே உச்ச நீதிமன்றம் போகும் உரிமை என்பார்கள். பரிகாரத்தையே ஓர் உரிமையாக்கி இடப்பக்கம் எழுதிவைத்துவிட்டார் மனிதர்.

உங்கள் கட்சி எது என்று கேட்பார்கள். மழுப்பாதீர்கள், பழைய நடுவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: அரசு தருவது பரிகாரத்தை, உரிமையை அல்ல. எங்கள் அப்பாவிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை, கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. என் கட்சியை இப்படிச் சொன்னால் ஒரு பையன் எழுந்து, "அப்போ உங்க அப்பாவுக்கு உரிமை இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்பான். கேட்டான். சண்டை பிடிக்கட்டும், அதற்குத்தான் கூட்டியது.

ஓட்டெடுப்பு வேண்டாம். வீட்டுப்பாடம் ஒன்று கொடுங்கள்: வீட்டில் மூத்தவரிடம், "உனக்குச் சேர வேண்டியது எது கிடைக்காமல் போனது, அப்போது யாரிடம் போய்க் கேட்டாய்?" என்று கேட்டு எழுதி வர வேண்டும். முதல் பாதிக்குப் பக்கம் பக்கமாக வரும். இரண்டாவது பாதியில் பலர் ஒரே வார்த்தைதான் எழுதி வருவார்கள், "கேட்கவில்லை" என்று. அடுத்த சனிக்கிழமையை அந்தத் தாள்களிலிருந்து தொடங்குங்கள்.