நோட் ஜேஎஸ்ஸில் ஃபைல் படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஃபோல்டரில் முந்நூறு ஃபைல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படித்து, சின்னதாக ஒரு மாற்றம் செய்து, வேறொரு ஃபோல்டரில் எழுதி, கடைசியில் அந்த ஃபோல்டரை ஜிப் செய்ய வேண்டும். ஸ்கிரிப்டை ஓட்டியதுமே திரையில் 'முடிந்தது' என்று வந்துவிடுகிறது, எரர் எதுவும் இல்லை, ஆனால் ஜிப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஃபோல்டரைப் போய்ப் பார்த்தால் முந்நூறு ஃபைலும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன.

ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் புதிதாக எழுதுகிற அநேகமாக எல்லோருமே இந்த இடத்தில் ஒருமுறை மாட்டியிருப்பார்கள். காரணம், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச். அதற்குள் ஏசிங்க் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்து, உள்ளே 'இது முடியும்வரை காத்திரு' என்று சொல்லும் அவெயிட்டும் போட்டுவிட்டால் லூப் காத்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஃபார்ஈச் நாம் கொடுக்கும் ஃபங்ஷனை ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருமுறை கூப்பிடும், அவ்வளவுதான். அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் ப்ராமிஸை, அதாவது பின்னால் முடியப்போகும் வேலைக்கான சீட்டை, எடுத்துப் பார்ப்பதே இல்லை. முந்நூறு வேலையையும் தொடங்கி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஆக, நாம் 'முடிந்தது' என்று அச்சிட்ட நேரத்தில் எல்லாம் தொடங்கியிருந்தது, எதுவும் முடியவில்லை. தொடங்கியதையும் முடிந்ததையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தக் கட்டுரையில் வரப்போகிற பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் போதும் என்றால், ஃபார்-ஆஃப் லூப் எழுதி அதற்குள் அவெயிட் போடுங்கள். ஒரே நேரத்தில் பல ஓட வேண்டும் என்றால் மேப்பில் ப்ராமிஸ்களைச் சேர்த்து ப்ராமிஸ்.ஆல் கொடுத்து, அதற்கு அவெயிட் போடுங்கள்.

ஆனால் ப்ராமிஸ்.ஆலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முந்நூறு ஃபைலுக்கு அழகாக ஓடிய அதே கோட், இருபதாயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் 'இஎம்ஃபைல்' என்ற எரரோடு விழக்கூடும். திறந்திருக்கும் ஃபைல்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று அர்த்தம். இது ஏன் வருகிறது என்று புரிய, நோட் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரயன் டால் 2009-ல் நோட்டை வெளியிட்டபோது அடிப்படை யோசனை இதுதான்: ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை ஓட்டத்தில், ஓடும், காத்திருக்கிற வேலை எதுவும் அந்த த்ரெட்டை அடைத்துக்கொண்டு நிற்காது. நெட்வொர்க் வேலையில் இந்தக் காத்திருப்பை ஆபரேட்டிங் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் அதற்கு இபோல் இருக்கிறது. ஃபைலும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஃபைல் வேலைகள் நோட்டுக்குள் இருக்கும் லிப்யூவி என்ற லைப்ரரியின் த்ரெட் பூலுக்கு, அதாவது வேலைக்கென்றே வைத்திருக்கும் த்ரெட்களின் குழுவுக்கு, போகின்றன, அந்தப் பூலில் வழக்கமாக இருப்பது 4 த்ரெட். நீங்கள் இருபதாயிரம் ரீட்ஃபைல் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஓடுவது நான்குதான், மற்றவை வரிசையில் நிற்கும்.

நான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்றால் நான்கு ஃபைல்தானே திறந்திருக்கும், பிறகு எப்படி அளவு மீறும்? ஒரு ஃபைலைப் படிப்பது என்பது ஒரே வேலை அல்ல. திறப்பது ஒன்று, படிப்பது ஒன்று, மூடுவது ஒன்று, இவை தனித்தனியாக வரிசைக்கு வருகின்றன. இருபதாயிரம் 'திற' முதலிலேயே வரிசையில் நின்றுவிடுகிறது. முதல் ஃபைல் திறந்ததும் அதன் 'படி' அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. அதனால் எதையும் மூடும் முன்பே ஆயிரக்கணக்கில் திறந்துகொண்டே போகிறோம். ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை ஏற்றுவதைவிட, இருபது இருபதாகப் பிரித்து ஓட்டுவதுதான் சரி. அதற்கு பி-லிமிட் போன்ற சின்ன லைப்ரரிகள் இருக்கின்றன, நாமே பத்து வரியில் எழுதியும்விடலாம். நான்கு த்ரெட்டுக்கு நாற்பது ஃபைலை ஒன்றாகக் கொடுப்பதால் வேகம் பத்து மடங்கு கூடிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்தப் பூலில் இன்னொரு சங்கதி. பாஸ்வேர்டு ஹேஷ் செய்யும் சில க்ரிப்டோ ஃபங்ஷன்கள், ஜிஜிப் அமுக்குதல், டிஎன்எஸ் லுக்அப் (இணைய முகவரி தேடுதல்) ஆகியவையும் இதே நான்கு த்ரெட்டைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. நெட்வொர்க் டிரைவில் இருக்கும் நான்கு ஃபைல் மந்தமாகப் படிக்கப்பட்டால், சம்பந்தமே இல்லாத வெளி ஏபிஐ அழைப்பு முகவரி தேட இடமில்லாமல் தவிக்கும். அங்கே கோளாறு என்று தேடினால் கிடைக்காது. யுவி_த்ரெட்பூல்_சைஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை ப்ரோக்ராமைத் தொடங்கும்போதே கொடுத்து இந்த எண்ணிக்கையை ஏற்றலாம்.

சரி, அப்படியானால் ரீட்ஃபைல்சிங்க் போல சிங்க் என்று முடியும் ஃபங்ஷன்களைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். சர்வர் தொடங்கும்போது கான்ஃபிக் ஃபைலை ஒருமுறை படிக்க, டெர்மினலில் ஓட்டி முடிக்கும் சின்ன ஸ்கிரிப்டுக்கு அதுதான் எளிது, நல்லதும்கூட. வரும் ஒவ்வொரு ரெக்வஸ்ட்டுக்கும் உள்ளே அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. ஒரே ஒரு கவுண்டர் உள்ள இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருவருடைய ஃபைலைத் தேட எழுந்து உள்ளே போய்விட்டால், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் படிப்பது இன்னொரு பழக்கம். கவனமான வேலை போலத் தெரியும், ஆனால் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவில் வேறு யாராவது அந்த ஃபைலை அழித்துவிடலாம். நேராகப் படியுங்கள், இல்லை என்றால் வரும் எரரைக் கையாளுங்கள். எப்படியும் அந்த எரரைக் கையாண்டே ஆக வேண்டும் எனும்போது முன்கூட்டிப் பார்ப்பதில் லாபம் இல்லை. ஏற்கெனவே இருந்தால் எழுதக்கூடாது என்றால், 'டபிள்யூஎக்ஸ்' என்ற ஃப்ளாகோடு திறந்தால் அந்தச் சோதனையை ஆபரேட்டிங் சிஸ்டமே இடைவெளி இல்லாமல் செய்துவிடும்.

இனி வரப்போவது தமிழில் எழுதும், படிக்கும் நமக்கு நேரடியாகக் கடிக்கும் தவறு. பெரிய ஃபைலை ரீட்ஃபைல் கொண்டு முழுதாக மெமரியில் ஏற்றாதீர்கள், ஸ்ட்ரீமாக, அதாவது துண்டு துண்டாகப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரியான அறிவுரைதான். ஃபைல் ஸ்ட்ரீம் வழக்கமாக 65,536 பைட் கொண்ட துண்டுகளாகத் தரும். ஒவ்வொரு துண்டின் பைட்டுகளையும் டூஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கி ஒட்டிக்கொண்டே போவார்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட் என்பதால் எங்கே வெட்டினாலும் எதுவும் ஆகாது, சோதித்தவருக்குக் கோளாறே தெரியாது. எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். 65,536-ஐ மூன்றால் வகுத்தால் 21,845 போக 1 மிச்சம். அதாவது முழுக்கத் தமிழ் எழுத்தாகவே உள்ள ஒரு ஃபைலில் முதல் துண்டின் கடைசியிலேயே ஓர் எழுத்து வெட்டுப்பட்டே தீரும். வெட்டுப்பட்ட பைட்டை டூஸ்ட்ரிங்கால் எழுத்தாக்க முடியாது, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டு வைத்துவிடும். ஃபைல் எழுதப்பட்டுவிட்டால் போன எழுத்து போனதுதான், திரும்ப வராது.

பழைய தமிழ் உரைகள் அடங்கிய ஒரு பெரிய டெக்ஸ்ட் ஃபைலைச் சுத்தம் செய்தபோது எனக்கு இது நடந்தது. எங்கோ ஒரு சொல்லில் மட்டும் கேள்விக்குறி, பல பக்கம் தாண்டி இன்னொன்று. தட்டச்சு செய்தவர்களின் பிழை என்று நினைத்துக் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். மூல ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் அவர்கள் சரியாகவே அடித்திருந்தார்கள் என்பதும் கெடுத்தது என் கோட் என்பதும் தெரிந்தது. தீர்வு ஒரே வரி: ஸ்ட்ரீமை உருவாக்கும்போதே என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். அப்போது நோட் மிச்சப் பைட்டைக் கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும்.

இதோடும் முடியவில்லை. குறியீடு வெட்டுப்படாது என்றாலும் எழுத்து வெட்டுப்படலாம். 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தது. ககரம் ஒரு துண்டின் கடைசியிலும் குறி அடுத்த துண்டின் முதலிலும் வர முடியும். துண்டு துண்டாக எழுத்தை எண்ணினாலோ, சொல்லைத் தேடி மாற்றினாலோ அந்த எல்லையில் தவறும். ரீட்லைன் மூலம் வரி வரியாகப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு எச்சரிக்கை: ரீட்லைன் இன்டர்ஃபேஸை உருவாக்கியதற்கும் ஃபார்-அவெயிட் லூப் தொடங்குவதற்கும் நடுவில் வேறு எதற்கும் அவெயிட் போடாதீர்கள், முதல் சில வரிகள் தவறிப்போகலாம். உங்கள் கோட் தேறுமா என்று பார்க்க, 'அ' என்ற எழுத்தை ஒரு லட்சம் முறை எழுதிய ஃபைல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று லட்சம் பைட், ஐந்து துண்டு. வெளியே வரும்போது 'அ' ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் தெரிந்துவிடும்.

எழுதும் பக்கம் வருவோம். ஸ்ட்ரீமில் ரைட் கூப்பிட்டால் அது ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்பித் தரும், நம்மில் பலர் அதைப் பார்ப்பதில்லை. ஃபால்ஸ் என்றால் உள்ளே பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பிவிட்டது, அது காலியானதைச் சொல்லும் ட்ரெயின் ஈவன்ட் வரும்வரை நிறுத்து என்று சொல்கிறது. நிறுத்தாவிட்டால் டிஸ்க் எழுதி முடிக்காதது எல்லாம் மெமரியில் குவியும். இதைக் கையால் செய்வதைவிட, படிக்கும் ஸ்ட்ரீமையும் எழுதும் ஸ்ட்ரீமையும் இணைக்கும் பைப்லைன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். பழைய பைப் வேண்டாம் என்பது என் கருத்து: அது வேகத்தைச் சமன் செய்யும், ஆனால் படிக்கும் பக்கம் எரர் வந்தால் எழுதும் பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டுவிடும்.

ஒரே த்ரெட் என்பதால் நோட்டில் மோதல் வராது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஒரு ஜேசன் ஃபைலில் எண்ணிக்கை 41 என்று இருக்கிறது. இரண்டு ரெக்வஸ்ட் ஒரே சமயத்தில் வருகின்றன, இரண்டும் 41 என்று படிக்கின்றன, இரண்டும் 42 என்று எழுதுகின்றன. 43 வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அவெயிட்டும் ஒரு கதவு, நீங்கள் காத்திருக்கும்போது அதன் வழியே அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். ஒரு ஃபைலுக்கு ஒரு ப்ராமிஸ் சங்கிலி வைத்து, முந்தைய எழுதும் வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி செய்யுங்கள். சர்வர் பல ப்ராசஸாக ஓடினால் அதுவும் போதாது, அந்த எண்ணிக்கையை டேட்டாபேஸில் வைப்பதுதான் முறை.

ரைட்ஃபைல் பழைய ஃபைலை முதலில் காலி செய்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறது என்பதையும் மறக்காதீர்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், எழுதும் நேரத்தில் சர்வர் நின்றுபோய், காலையில் பார்த்தால் செட்டிங்ஸ் ஃபைல் பூஜ்ஜியம் பைட்டில் இருந்தது. பேக்கப்பும் இல்லை, எல்லாவற்றையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திரும்ப நிரப்பினோம். அன்றிலிருந்து அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, எஃப்சிங்க் செய்து டிஸ்க்கில் இறக்கி, பிறகு ரீநேம் செய்கிறேன். லினக்ஸில் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ரீநேம் ஒரே அடியில் நடக்கும். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும் அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். தற்காலிக ஃபைலை டெம்ப் ஃபோல்டரில் எழுதினால் அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்து ரீநேமே தோற்றுப்போகக்கூடும்.

எரரைப் பிடிப்பதில் நடக்கும் தவறுகளும் இதே வேரிலிருந்து வருபவைதான். கால்பேக் வகை ரீட்ஃபைலை, அதாவது வேலை முடிந்ததும் நாம் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடும் வகையை, சுற்றி ட்ரை-கேட்ச் போட்டால் கால்பேக்குக்குள் வெடிப்பது அதில் சிக்காது, ஏனென்றால் கால்பேக் ஓடும்போது ட்ரை முடிந்து வெகு நேரமாகியிருக்கும். ட்ரைக்குள் ப்ராமிஸை அவெயிட் இல்லாமல் ரிட்டர்ன் செய்தாலும் அதே கதி. அவெயிட்டையே மறந்துவிட்ட ரைட்ஃபைல் தோற்றால், முன்பெல்லாம் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும்; 2020 அக்டோபரில் வந்த நோட் 15 முதல் ப்ராசஸே விழுந்துவிடும். இந்த மாற்றத்தைத் திட்டியவர்கள் உண்டு, எனக்கு அது நல்லதாகவே படுகிறது, எழுதப்படாத ஃபைல் எழுதப்பட்டதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுவது அதைவிடக் கொடியது. டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கோடில் உள்ள தவறுகளைச் சுட்டும் லின்டரில் நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ் என்ற விதியை இயக்கிவிடுங்கள், மறந்த அவெயிட்டை எழுதும்போதே காட்டிக்கொடுக்கும்.

ஃபைல் ஹேண்டிலை நீங்களே ஓபன் செய்தால் ஃபைனலி பகுதியில் க்ளோஸ் செய்துவிடுங்கள், நடுவில் எரர் வந்தாலும் மூடிவிடும்.

அப்புறம் ப்ரோக்ராமை முடிக்கும் இடம். லாக் ஃபைலில் கடைசி வரி மட்டும் காணவில்லை என்றால், அநேகமாக அந்த வரியை எழுதச் சொன்ன கையோடு ப்ராசஸ்.எக்சிட் கூப்பிட்டிருப்பீர்கள். அது வரிசையில் நிற்கும் எழுதும் வேலைகளுக்காகக் காத்திருக்காமல் உடனே முடித்துவிடும். எக்சிட்டைக் கூப்பிடாமல் ப்ராசஸ்.எக்சிட்கோட் என்பதில் எண்ணை மட்டும் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். மிச்ச வேலை முடிந்ததும் நோட் தானாகவே வெளியேறும். வெளியேறாமல் தொங்கிக்கொண்டு நின்றால், மூடப்படாத சர்வரோ டைமரோ எங்கோ இருக்கிறது என்று பொருள், எக்சிட் போட்டு அதை மறைக்காமல் எது என்று தேடிப் பிடியுங்கள்.